மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவா, வைரஸா: முதுகில் நீர் எடுக்காமல் சொல்ல முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் அக்கா மகனுக்கு 7 வயது, மேலூர்ப் பக்கம் கிராமம். 3 நாளாகக் காய்ச்சல், விடாத தலைவலி, எது கொடுத்தாலும் வாந்தி. முதல் நாளே மெடிக்கலில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது மதுரையில் சேர்த்திருக்கிற இடத்தில் டாக்டர் மெனிஞ்சைடிஸ் மாதிரி தெரிகிறது, முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். பையனின் அப்பத்தா, முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும், விடவே மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அறிகுறிகளை வைத்தே பாக்டீரியாவா வைரஸா என்று பிரித்துச் சொல்லிவிட முடியாதா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. கையெழுத்துப் போட்டு நீர் எடுக்கச் சொல்லுங்கள். இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்க வேண்டாம், அதை முதலில் முடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

நான் வார்டில் நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. மதுரையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மைக்ரோபயாலஜிஸ்ட், இதே வேலையில் 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பத்தாக்களின் பயம் எனக்குப் புதிதில்லை, அந்தப் பயத்தால் ஒரு நாள் தள்ளிப்போன பிள்ளைகளின் நீரையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் "மூளைக்காய்ச்சல்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மூன்று அடுக்கு உறை இருக்கிறது, அந்த உறைக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 150 மில்லி. கிருமி அந்த உறையில் இறங்கினால் மெனிஞ்சைடிஸ். மூளைக்குள்ளேயே இறங்கினால் என்செஃபலைடிஸ். நெல்வயல் கொசு பரப்புகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த இரண்டாவது வகை, இந்தியாவில் அது முதலில் தெரியவந்ததே 1955ல் வேலூர்ப் பக்கம்தான். உங்கள் பையனுக்கு டாக்டர் சந்தேகப்படுவது முதல் வகை.

சரி, அறிகுறியை வைத்து ஏன் முடியாது? இரண்டுமே ஒரே மாதிரி ஆரம்பிக்கும். காய்ச்சல், தலைவலி, வாந்தி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, பிடரி இறுகிப்போய் தாடையை நெஞ்சில் முட்ட முடியாமல் போவது, எல்லாமே இரண்டிலும் உண்டு. காய்ச்சல், கழுத்து இறுக்கம், நினைவு தடுமாற்றம் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாக்டீரியா என்று பலர் படித்துவைத்திருக்கிறார்கள். 2004ல் நெதர்லாந்தில் பாக்டீரியா மெனிஞ்சைடிஸ் உறுதியான பெரியவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் இந்த மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 சதவீதம்தான். பாதிப் பேருக்கும் குறைவு. தலைவலியையும் சேர்த்து நான்கில் ஏதாவது இரண்டு இருந்தவர்கள் 95 சதவீதம், ஆனால் நான்கில் இரண்டு என்றால் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும், டெங்குவிலும் வரும். டாக்டர் படுக்கவைத்து முழங்காலை மடக்கி நீட்டிப் பார்ப்பார், தலையைத் தூக்கிப் பார்ப்பார். அப்போது வலித்தால் சந்தேகம் கூடும், வலிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

சாய்வு காட்டுகிற விஷயங்கள் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. பாக்டீரியா வேகமாகப் போகும். காலையில் தலைவலி என்றவர் சாயங்காலம் ஜன்னி கண்ட மாதிரி பிதற்றுவார், கூப்பிட்டால் திரும்ப மாட்டார், வலிப்பு வரும். வைரஸில் பெரும்பாலும் ஆள் சோர்ந்து கிடப்பாரே தவிர தெளிவாகப் பேசுவார், பேர் கேட்டால் சொல்வார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கோ, தொண்டை வலியோ, கை கால் வாயில் கொப்புளமோ வந்திருந்தால் எண்டிரோவைரஸ் பக்கம் நினைப்போம், வைரஸ் மெனிஞ்சைடிஸில் பெரும்பங்கு அதுதான். சமீபத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் வீங்கியிருந்தாலும் அப்படித்தான். மறுபக்கம், காதில் சீழ், நிமோனியா, தலையில் எப்போதோ அடிபட்டு மூக்கில் நீராக ஒழுகுவது இதெல்லாம் இருந்தால் பாக்டீரியா பக்கம் சாயும். தோலில் ஊதாவாகப் புள்ளி புள்ளியாக வந்து, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை என்றால் அது மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உள்பக்கம், வாய்க்குள் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தை என்றால் இந்தச் சாய்வுகளும் கிடையாது. கழுத்து இறுகவே இறுகாமல் இருக்கலாம், காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப்போகலாம். பால் குடிக்காது, தூக்கினால் கீச்சென்று அழும், அழாத நேரத்திலும் உச்சிக்குழி புடைத்திருக்கும். இதைப் பார்த்தால் 108க்கு அடிக்க வேண்டியதுதான், உரம் விழுந்திருக்கிறது என்று தட்டி எடுக்கப் போகாதீர்கள்.

இப்போது அப்பத்தாவின் பயத்துக்கு வருகிறேன். தண்டுவடம் முதுகு முழுக்க ஓடவில்லை, இடுப்புக்கு மேலேயே, முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் வருகிற இடத்தில். அங்கே தண்டுவடம் கிடையாது. நரம்புகள் தண்ணீரில் நூல் மிதக்கிற மாதிரி மிதந்துகொண்டிருக்கும், கிணற்றில் வாளி இறங்கினால் பாசி ஒதுங்குகிறதில்லையா, அப்படி ஊசி வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு பிள்ளையிடம் எடுப்பது சில மில்லி மட்டும். பெரியவர் உடம்பு அந்த நீரை ஒரு நாளைக்கு 500 மில்லி அளவு புதிதாகச் சுரக்கிறது, அதாவது மணிக்கு 20 மில்லி, எடுத்தது சீக்கிரமே ஊறிவிடும். அப்பத்தாவிடம் இப்படிக் கேட்டுப்பாருங்கள்: சிசேரியனுக்கு மரத்துப்போக முதுகில் போடுகிற ஊசியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் போகிறது, நம் தெருவில் அப்படிப் பிள்ளை பெற்ற எத்தனை பேருக்குக் கால் விளங்காமல் போனது? இதைச் சொல்லி நான் பார்த்தவரை பாதிப் பாட்டிகள் இறங்கி வந்துவிடுவார்கள். பிறகு ஓரிரு நாள் தலைவலி சிலருக்கு வரும், அது உண்மை, அது போய்விடும்.

நீர் எடுக்கும் முன் சிலருக்கு ஸ்கேன் தேவைப்படும். வலிப்பு வந்தவர், நினைவு மங்கியவர், ஒரு பக்கம் கை கால் வராதவர், எதிர்ப்பு சக்தி குறைந்தவர் இவர்களுக்கு மூளையில் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குத்துவார்கள். அப்படி ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தால் இரத்தத்தை கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, எடுத்துவிட்டு மருந்தை உடனே ஆரம்பித்துவிடுவார்கள், மருந்து ஸ்கேனுக்காகக் காத்திருக்காது.

டியூப் என் கைக்கு வந்ததும் நான் முதலில் போவது ஜன்னலுக்கு. அதே அளவு டியூபில் குடிதண்ணீரை எடுத்துக்கொண்டு இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடிப்பேன். நல்ல நீர் என்றால் எது எதுவென்று பிரிக்க முடியாது, பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால் எழுத்து பளிச்சென்று தெரியும். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும், எழுத்து மங்கும். வைரஸில் தெளிவாகவே இருக்கும். ஆனால் ஒரு கன மில்லிமீட்டரில் 200 வெள்ளணுவாவது சேர்ந்தால்தான் கலங்கல் கண்ணுக்கே தெரியும், அதனால் தெளிவாக இருக்கிறது என்பதோடு நிறுத்த மாட்டோம்.

அப்புறம் எண்ணுவது. சாதாரணமாக 5 வெள்ளணுவுக்கு மேல் இருக்கக் கூடாது. பாக்டீரியாவில் பெரும்பாலும் 1000ஐத் தாண்டும், அதில் முக்கால்வாசிக்கு மேல் நியூட்ரோஃபில், உட்கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்து தெரியும் அணு. வைரஸில் பத்திலிருந்து சில நூறு, பெரும்பாலும் லிம்ஃபோசைட், குண்டாக ஒரே உட்கருவும் சுற்றி மெல்லிய விளிம்புமாக இருக்கும். புரதம் சாதாரணமாக 45 மில்லிகிராமுக்குள், வைரஸில் கொஞ்சம் ஏறும், பாக்டீரியாவில் 100, 200 என்று போகும். சர்க்கரைதான் எனக்கு முக்கியமாகப் படுவது. இரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நீரில் இருக்க வேண்டும். வைரஸில் அது அநேகமாக அப்படியே இருக்கும், பாக்டீரியாவில் 40க்குக் கீழ் விழும். இதில் ஒரு பொறி இருக்கிறது, நம் ஊரில் சுகர் இல்லாத வீடு குறைவு என்பதால் சொல்கிறேன். சுகர்காரர் ஒருவருக்கு நீரில் சர்க்கரை 90 என்று வரும், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அதே நேரம் அவர் இரத்தத்தில் 300 இருந்தால் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.4க்குக் கீழ் என்றாலே சந்தேகம்தான். அதனால் நீர் எடுக்கிற அதே நேரத்தில் விரலில் குத்தி இரத்த சுகரும் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

1989ல் வந்த ஓர் ஆய்விலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்: சர்க்கரை 34க்குக் கீழ், புரதம் 220க்கு மேல், வெள்ளணு 2000க்கு மேல், நியூட்ரோஃபில் 1180க்கு மேல், இதில் ஒன்று இருந்தாலே வைரஸ் இல்லை, பாக்டீரியா என்று அநேகமாக அடித்துச் சொல்லலாம். ஒன்றுமே இல்லையென்றால் பாக்டீரியா இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

கிருமியை நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க உதவும் கிராம் சாயம் போட கால் மணி நேரம் போதும். ஊதாவாக, நுனி கூராக இரண்டிரண்டாக ஒட்டி நின்றால் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. இளஞ்சிவப்பில் இரண்டு காப்பிக்கொட்டையை முகம் பார்க்க வைத்த மாதிரி, பல நேரம் வெள்ளணுவின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தால் மெனிங்கோகாக்கஸ். கண்ணில் பட்டுவிட்டால் ரிப்போர்ட் அடிக்கக் காத்திருக்க மாட்டேன், போனை எடுத்து வார்டுக்குச் சொல்லிவிடுவேன்.

எண்கள் ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. வைரஸ் முதல் ஓரிரு நாளில் நியூட்ரோஃபிலாகவே காட்டி, பிறகுதான் லிம்ஃபோசைட்டுக்கு மாறும். பொன்னுக்கு வீங்கி வைரஸில் சிலருக்குச் சர்க்கரை லேசாகக் குறையும். ஆனால் நம் ஊரில் என்னை அதிகம் தடுமாற வைப்பது உங்கள் பையனுக்குக் கொடுத்த மாதிரியான அந்த சிரப். பாதி மருந்து மெனிஞ்சைடிஸைக் குணப்படுத்தாது, அந்த உறைக்குள் போகிற அளவு மருந்து வாய்வழி சிரப்பில் கிடைக்காது, ஆனால் நீரில் இருக்கிற கிருமியைச் சாயத்திலும் கல்ச்சரிலும் தெரியாதபடி மறைத்துவிட அது போதும். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்து என்றால் இன்னும் வேகம், மெனிங்கோகாக்கஸ் 2 மணி நேரத்திலேயே கல்ச்சரில் வளராமல் போய்விடலாம், நிமோகாக்கஸ் 4 மணியிலிருந்து. அணுக்களும் புரதமும் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பதுதான் ஒரே ஆறுதல், பி.சி.ஆர். செய்தால் செத்த கிருமியின் மரபணுவும் கிடைக்கும். அதனால் அந்த சிரப் பாட்டிலைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள், திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

இன்னொன்று, அந்த டியூப் எப்படி வருகிறது என்பது. சின்ன ஆஸ்பத்திரிகளில் பல நேரம் சொந்தக்காரர் கையில் கொடுத்து வெளியே ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். நேரம் ஆக ஆக வெள்ளணுக்கள் உடைந்துபோகும், 2 மணி நேரத்தில் நியூட்ரோஃபிலில் பாதி காணாமல் போகலாம், மிச்சமிருப்பவை டியூபில் உள்ள சர்க்கரையைத் தின்னும். சில வருடத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி எடுத்த நீரை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் காலை எங்களுக்கு அனுப்பினார்கள், பத்திரமாக வைத்ததாகத்தான் நினைத்தார்கள். மெனிங்கோகாக்கஸும், மெனிஞ்சைடிஸ் உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான ஹீமோஃபிலஸும் குளிரில் செத்துவிடும். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, அணுவெல்லாம் உடைந்து தூசி மாதிரி கிடந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், ஆனால் எந்தக் கிருமி என்று கடைசிவரை தெரியாமல் 2 வாரத்துக்கு மேல் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து ஏற்ற வேண்டிவந்தது. உங்கள் கையில் டியூபைக் கொடுத்தால் ஐஸ் வேண்டாம், டீ குடிக்கவும் நிற்க வேண்டாம், நேராக ஆய்வகம்.

பாக்டீரியாவா வைரஸா என்று இரண்டே பெட்டிதான் என்று நினைத்துவிடவும் கூடாது. நம் நாட்டில் மூன்றாவதாக டி.பி. மெனிஞ்சைடிஸ் எப்போதும் பின்னால் நிற்கிறது. அது நாள் கணக்கில் வராது, வாரக் கணக்கில் ஊர்ந்து வரும், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, பிள்ளை எரிச்சலாகவே இருப்பது என்று. நீரில் வைரஸ் மாதிரி லிம்ஃபோசைட், பாக்டீரியா மாதிரி குறைந்த சர்க்கரை, ஏறின புரதம். டியூபை அசைக்காமல் ஒரு ராத்திரி வைத்தால் நடுவில் நூலாம்படை தொங்குகிற மாதிரி ஒரு இழை சில நேரம் தெரியும். வைரஸ் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் பெரிய ஆபத்து, அதனால் சந்தேகம் இருந்தால் டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனைக்கும் கொஞ்சம் நீர் வைத்துக்கொள்வோம். மருந்து 9 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை.

நான்காவது, ஸ்கிரப் டைஃபஸ், புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல். ஆடு மேய்க்கப் போனவர், புதரில் விறகு பொறுக்கினவர், வயலில் உட்கார்ந்தவர், மழை முடிந்த குளிர் மாதங்களில் அதிகம். நீர் வைரஸ் மாதிரியே இருக்கும், ஆனால் மெனிஞ்சைடிஸுக்குப் போடும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக் போட்டால் ஓரிரு நாளில் காய்ச்சல் விடும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டும் இடம் இங்கெல்லாம் சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பையன் அரையாண்டு லீவில் கண்மாய்க்கரை, புதர் என்று சுற்றினானா என்பதையும் சொல்லுங்கள்.

இன்னும் தெரியாதபோதே ஏன் ஊசி ஏற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாக்டீரியா மெனிஞ்சைடிஸ் வந்தவர்களில் ஏறக்குறைய 6 பேருக்கு ஒருவர் இறக்கிறார், பிழைத்தவர்களிலும் 5 பேருக்கு ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைரஸ் என்றால் பெரும்பாலானவர்கள் 7 முதல் 10 நாளில் தானாகவே தேறிவிடுவார்கள். வைரஸ்காரருக்கு இரண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டால் பெரிய கேடு ஒன்றுமில்லை, பாக்டீரியாக்காரருக்கு இரண்டு நாள் போடாமல் விட்டால் பிள்ளை போய்விடும். அதனால் பாக்டீரியா என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள், நீர் வேறு சொன்னால் நிறுத்துவார்கள். முதல் டோஸோடு அல்லது அதற்குச் சற்று முன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போடுவது உண்டு, கிருமி சாகும்போது உண்டாகும் வீக்கத்தைக் குறைக்க. ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நடத்தை மாறியோ வலிப்போடோ வந்தால் ஹெர்பிஸ் வைரஸை நினைத்து அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தும் சேர்ப்பார்கள், அந்த வைரஸுக்கு மருந்து இருக்கிறது, தாமதிக்கவும் கூடாது.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்றால், மெனிங்கோகாக்கஸ் என்று வந்தால் கூடவே இருந்தவர்களுக்குத் தடுப்பாக மாத்திரை கொடுப்பார்கள், நிமோகாக்கஸுக்குத் தேவையில்லை. எண்டிரோவைரஸ் என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு 6, 10, 14 வாரத்தில் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசியில் ஹீமோஃபிலஸுக்கான பாதுகாப்பு இருக்கிறது, இந்தியாவில் அதை 2011 டிசம்பரில் முதலில் கொண்டுவந்தது தமிழ்நாடும் கேரளாவும். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021லிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். பையனின் தங்கைக்கு இரண்டும் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மறந்துபோவது இது. பாக்டீரியா என்று உறுதியானால் டிஸ்சார்ஜ் ஆன 4 வாரத்துக்குள் காது பரிசோதனை செய்துவிட வேண்டும். இந்த நோய் விட்டுப்போகிற பாதிப்புகளில் அதிகம் வருவது காது கேளாமைதான், சிலருக்கு உள்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிடும், தாமதித்தால் காது கேட்க உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைக்கவும் கஷ்டமாகிவிடும். ஒரு காது மட்டும் போயிருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது, டி.வி. சத்தத்தைக் கூட்டிவைக்கிறான், கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்புகிறான் என்று பிள்ளையைத்தான் திட்டுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் அக்காவை.